தார் ராட்டையும் அப்பாவின் வலது கையும்

2022 கார்த்திகை மாதத்தில் ஒரு விடியற்காலை, பவானியில் எங்கள் வீட்டில், ஜமுக்காளம் நெய்வதற்காகத் தறிக்குழியில் இறங்கப்போன அப்பாவுக்கு வலது கை மரத்துப்போயிற்று. படுத்த வாக்கில் கை அழுந்தியிருக்கும் என்று அவர் சொன்னதை நம்பி நாங்களும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். வாய் கோணிப் பேச்சும் குழறியபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. இப்படி மூளையின் இரத்தக்குழாய் அடைத்துப் பக்கவாதம் வந்தால், சி.டி. ஸ்கேன் எடுத்து இரத்தக்கசிவு இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, உறைகட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதை ஈரோட்டில் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் அறிந்தோம். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. அந்தக் காலைப்பொழுதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடைப்பு இடப்பக்க மூளையில் என்பதால் வலது கை, வலது கால், பேச்சு மூன்றுமே பாதிக்கப்பட்டிருந்தன. நாம் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில்தான் ஒற்றைச் சொல்லாக வந்தது. தண்ணீர் குடித்தால் புரையேறியது. விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்தவர்கள், நீர்த்த பானம் நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும் என்று எச்சரித்ததால், காப்பியை நிறுத்திவிட்டு, அவரை நிமிர்த்தி உட்காரவைத்துக் கெட்டியான ராகிக் கூழைக் கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்தோம். காப்பி போனதுதான் அவருக்குப் பெரிய துக்கமாக இருந்தது.

பத்தாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்ததும் நாங்கள் செய்த பெரும் பிழை, அன்பினால் செய்த பிழை. பார்க்க வந்த உறவினர்களும் நானும் அவரை எழுப்பும்போதெல்லாம் வலுவிழந்த கையைப் பற்றி இழுத்தோம். தசை தளர்ந்துபோன தோளில் மூட்டைப் பிடித்து நிறுத்த வலு இல்லாததால், இழுக்க இழுக்க எலும்பு குழியிலிருந்து கீழே நழுவிக்கொண்டே வரும். பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் நல்லெண்ணத்தோடு விட்டத்தில் கப்பி கட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மற்றக் கையை உயர்த்தச் சொல்லிக்கொடுத்தார். ஒரே வாரத்தில் அப்பா இரவெல்லாம் தோள் வலியால் உறங்காமல் கிடந்தார்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் வழியாக வீட்டுக்கு வந்த இயன்முறை மருத்துவர், எங்களூர்ப் பெண்தான், உள்ளே நுழைந்ததும் முதலில் அந்தக் கப்பியை அவிழ்க்கச் சொன்னார். உட்காரும்போது வலது முன்கையைத் தலையணைமேல் தாங்கிவைக்க வேண்டும், எழுப்புகிறவர் இடுப்பையோ தோள்பட்டைக்குப் பின்புறத்தையோ பிடிக்க வேண்டும், படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். கட்டிலிலிருந்து அப்பா எழ முயன்றபோது அம்மா பதறிக்கொண்டு ஓடிப்போய்த் தாங்கியதைப் பார்த்து, "அம்மா, நீங்களே தூக்கிவிட்டீங்கன்னா பயிற்சி உங்களுக்குத்தானுங்க ஆகும், ஐயாவுக்கு ஆகாதுங்க" என்றார். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் பெண்ணோடு முகம் கொடுத்தே பேசவில்லை.

அவர் வந்துபோவது மாதத்தில் சில மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் எங்கள் பொறுப்பு. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலையில் பத்து முறை, மாலையில் பத்து முறை செய்யவைத்தோம். பாதம் தொங்கித் தரையில் இழுபட்டதால் கணுக்காலைத் தாங்கிப்பிடிக்கும் ஸ்ப்ளிண்ட் என்ற கட்டை மாட்டினோம். திண்ணைப் படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலுவற்ற கால் முதலில், ஊன்றுகோல் எப்போதும் இடக்கையில் என்பதை நானே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருப்பேன். இதற்கிடையில் உடம்பில் எண்ணெய் தேய்த்துப் பிழிந்து மூன்றே வாரத்தில் நடக்கவைப்பதாகச் சொன்ன ஓரிடத்துக்கு மாமா வற்புறுத்தி அழைத்துப்போனார். பணம் போனதைவிட, அந்த மூன்று வாரமும் அப்பா படுத்தே கிடந்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. முதல் சில மாதங்களில்தான் மீட்சி வேகமாக இருக்கும், அதன்பின் மெதுவாகும், ஆனாலும் நின்றுவிடாது என்று மருத்துவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் மாதத்தில் கால் ஓரளவு தேறியது, கை தேறவில்லை. பந்தை அழுத்தச் சொன்னால் அப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார். சில நாள் காரணமின்றி அழுவார். அப்போது, அவருக்குப் பழக்கமான வேலை எதையாவது கொடுங்கள் என்று அந்தப் பெண் சொல்ல, நெசவில் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சிறு குழலில் தாராகச் சுற்றும் தார் ராட்டையைப் பரணிலிருந்து இறக்கினோம். இடக்கை நூலைப் பிடித்துக்கொள்ள, வலக்கை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். முதலில் விரல்கள் கைப்பிடியில் நிற்காததால் துணியால் தளர்வாகக் கட்டிவிட்டோம். தோள் உயராமல் முழங்கை மட்டும் மடங்கி நிமிரும் அந்த வேலையை, வலியில்லாத அளவில், ஒரு நாளைக்குப் பதினைந்து நிமிடத்தில் தொடங்கினார். சக்கரம் சீராக ஓடாததால் தார் தொளதொளவென்று வந்தது.

அந்தத் தார்களை அம்மா இரவில் யாருக்கும் தெரியாமல் பிரித்து இறுக்கிச் சுற்றி, காலையில் கூடையில் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து அப்பா அதைக் கண்டுபிடித்துவிட்டார். நெய்கிறவர் கைக்குத் தன் சுற்றும் பிறர் சுற்றும் வேறு வேறாகத்தான் தெரியும் போலிருக்கிறது. கூடையை இடக்கையால் தள்ளிவிட்டு, "என்னுது... நான்... பிரிக்கிறேன்" என்றார். பேச்சுப் பயிற்சியில் மூன்று சொற்களைக் கோக்க நாங்கள் பட்ட பாட்டை நினைத்து நான் வாயடைத்து நின்றேன். அம்மாவோ, "சரிங்க, இனித் தொடலீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

இப்போது காலையில் கைப்பிடிக் கட்டு இல்லாமல் முக்கால் மணி நேரம் சுற்றுகிறார். பத்துத் தாரில் நான்கைந்து தளர்ந்துதான் வருகின்றன. அவற்றைத் தனிக் கூடையில் எடுத்துவைத்து, மாலையில் அவரே பிரித்து மறுபடியும் சுற்றுகிறார்.