அம்மாவின் சுகர், தம்பியின் மோல்

ஜூலை 3, ரங்கூன்

வெறும் வயிற்றில் 14.2. மலேசியாவிலிருந்து மாமா அனுப்பிய மெஷின் மில்லிமோலில்தான் காட்டும். காரைக்குடிச் சித்தி போனில், “பதினாலா? மயக்கம் போட்டுடுமேடி!” என்று பதறினார். “18-ஆல பெருக்கணும் சித்தி, உங்க ஊர் மில்லிகிராம் கணக்குல 256” என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சே இல்லை.

ஜூலை 4

மழை. கரண்ட் இல்லை. தம்பி மோல் பாடம் புரியவில்லை என்று நோட்டை மூடிவிட்டான்.

ஜூலை 6

அம்மா தூங்கியதும் தம்பியைச் சமையலறையில் உட்கார வைத்தேன். உளுந்தில் 100 மணி, கொண்டைக்கடலையில் 100 மணி எண்ணச் சொன்னேன். நகைப்பட்டறை அண்ணனிடம் இரவல் வாங்கிய தராசில் உளுந்து 4.1 கிராம், கடலை 22.6. எண்ணிக்கை ஒன்று, எடை வேறு. அப்புறம் ஒரு பர்மா வீசையில் நூறில் ஒரு பங்கு, அதாவது 16.3 கிராம் உளுந்தை நிறுத்துக் கொட்டி, “எண்ணாமலே எத்தனைன்னு சொல்லு” என்றேன். வகுத்து 398 என்றான். எண்ணிப் பார்த்தோம், 403. அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! அணுவும் அப்படித்தானடா: 12 கிராம் கார்பன், 23 கிராம் சோடியம், இரண்டிலும் 6.022 × 10²³ அணு, அதுதான் ஒரு மோல். எண்ண முடியாததை நிறுத்து எண்ணுகிறோம்.

சிந்திய உளுந்தைப் பொறுக்கும்போது அம்மா முனகும் சத்தம். காய்ச்சல்.

ஜூலை 9

நேற்று அட்மிட் செய்துவிட்டோம். கால் புண்தான் காரணமாம். ஒரு வாரமாகப் புண்ணுக்குப் போட்ட கட்டை நான்தான் மாற்றினேன், எனக்கு ஏன் தெரியவில்லை?

ராத்திரி முழுக்க டிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். 0.9% உப்புநீர், 500 மில்லி. உப்பு 4.5 கிராம். உப்பு ஒரு மோல் 58.44 கிராம், அதால் வகுத்தால் 0.077 மோல். லேபிளில் சோடியம் லிட்டருக்கு 154 மில்லிமோல் என்று இருக்கிறது, அரை லிட்டருக்கு 77. கணக்கு ஒத்துவந்ததும் அழுதுவிட்டேன். 20 சொட்டு ஒரு மில்லி என்றார் நர்ஸ் சயாமா. அப்படியானால் ஒரு சொட்டில் 4.6 × 10¹⁸ சோடியம். உலகத்தில் இருக்கும் 800 கோடிப் பேருக்கும் பங்கு வைத்தால் ஆளுக்கு 58 கோடி. அத்தனையும் சொட்டுச் சொட்டாக அம்மாவின் கைக்குள் போகிறது. போகட்டும்.

ஜூலை 10

மாலை 11.9. காளி கோயிலில் விளக்கு போட்டேன்.

ஜூலை 12

தம்பி போனில், “32 கிராம் ஆக்சிஜன்ல அணு ஒரு மோல்தானே?” என்றான். மூலக்கூறுதான் ஒரு மோல், அணு இரண்டு, எத்தனை தடவை சொல்வது என்று கத்திவிட்டேன். பாவம், வீட்டில் தனியாக இருக்கிறான். சாப்பிட்டானா என்றுகூடக் கேட்கவில்லை.

2019 மே 20 முதல் ஒரு மோலில் எத்தனை என்று சொல்லும் அவகாட்ரோ எண்ணை 6.02214076 × 10²³ என்று நிலையாக நிறுத்திவிட்டார்கள். இனி ஏறாது, இறங்காது. இங்கே காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மறுபடியும் 13.1.

ஜூலை 14

9.8! சித்திக்கு 176 என்று தம்பியே சொல்லிவிட்டான். 18 எங்கிருந்து வந்தது என்றும் அவனே பிடித்துவிட்டான்: குளுக்கோஸ் ஒரு மோல் 180 கிராம், அப்போது ஒரு மில்லிமோல் 180 மில்லிகிராம், லிட்டரை டெசிலிட்டராக்கினால் பத்தில் ஒன்று, 18.

மதியம் கட்டைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.