எலியை நம்பினோம், பல்தான் பேசியது

பழைய எச்சங்களில் நோய்க்கிருமியைத் தேடும் வேலையில் சேர்ந்ததும் என் கைக்கு வந்தவை இரண்டு: பலரை ஒன்றாகப் புதைத்த குழியிலிருந்து எடுத்த ஒரு மனிதக் கடைவாய்ப்பல்; அதே குழியில் கிடந்த ஓர் எலியின் தாடை. கேள்வி ஒன்றுதான். இவர்களைக் கொன்றது பிளேக்கா?

எலும்புக்கூட்டைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. சில நாட்களில் ஆளை முடித்துவிடும் நோய் எலும்பில் தடம் விடுவதில்லை. பல் அப்படியல்ல. அதன் நடுவில் ரத்தம் ஓடும் கூழறை இருக்கிறது. சாகும் நேரத்தில் ரத்தத்தில் கிருமி நிறைய இருந்திருந்தால், அதுவும் அங்கேயே காய்ந்துபோய்ப் பல்லின் கெட்டியான சுவருக்குள் நூற்றாண்டுக் கணக்கில் தங்க வாய்ப்புண்டு. 1998-இல் பிரான்ஸில் ஒரு குழு இப்படித்தான் பழைய பற்களிலிருந்து பிளேக் கிருமியான யெர்சினியா பெஸ்டிஸின் டி.என்.ஏ.வை எடுத்ததாக அறிவித்தது. 2011-இல் லண்டனின் ஈஸ்ட் ஸ்மித்ஃபீல்ட் இடுகாட்டுப் பற்களிலிருந்து, 1348–50 காலத்துப் பெருங்கொள்ளைநோய்க் கிருமியின் மரபணுத் தொகுப்பே கிடைத்தது.

முதலில் சில நாட்கள் என்னைப் பல்லைத் தொடவே விடவில்லை. உடல் முழுவதும் மூடும் உடை, முகமூடி, இரட்டைக் கையுறை, ப்ளீச் போட்டுத் துடைத்த மேசை, ஆள் இல்லாதபோது எரியும் புற ஊதா விளக்கு என எல்லாம் பழக வேண்டியிருந்தது. டி.என்.ஏ.வைப் பெருக்கும் பிசிஆர் அறைக்குப் போய்விட்டால் அன்று இந்தச் சுத்த அறைக்குள் வரக்கூடாது. இதெல்லாம் கொஞ்சம் அதிகமோ என்று நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை.

பல்லைத் துளைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. படம் எடுத்து, அளந்து, ஸ்கேன் செய்த பிறகே கத்தி. மேல்பகுதியும் வேரும் சேரும் இடத்தில் வெட்டி, கூழறைச் சுவரை மெதுவாகச் சுரண்டினேன். வேகம் கூட்டினால் சூடேறி, இருக்கிற டி.என்.ஏ.வும் கெடும். கிடைத்தது சுமார் 50 மில்லிகிராம் தூள். ஒரு மனிதரின் பல் அது. தூளாக்கியது தூளாக்கியதுதான், திரும்ப ஒட்ட முடியாது. அன்று கை நடுங்காமல் இருக்க ரொம்பவே பாடுபட்டேன்.

அப்புறம் இந்தத் தூளையும், எலித் தாடையிலிருந்து எடுத்த ஒரு பல்லின் தூளையும் தனித்தனியே ரசாயனக் கரைசலில் இரவு முழுக்க ஊறவிட்டு, வெளிவந்த டி.என்.ஏ.வை சிலிக்காவில் பிடித்தோம். கூடவே தூளே போடாத ஒரு வெற்றுக் குழாயையும் அதே வழியில் அனுப்பினோம். அதில் ஏதாவது தெரிந்தால் மொத்த வேலையும் சந்தேகத்துக்கு உரியது.

முதல் சோதனை, பிளேக் கிருமியை அடையாளம் காணப் பலரும் தேடும் ‘ப்ளா’ மரபணுவுக்கான பிசிஆர். எலி பாசிட்டிவ். பல் நெகட்டிவ். வெற்றுக் குழாய் சுத்தம். எனக்கு ஒரே சந்தோஷம். பிளேக் என்றால் எலி, கதை சரியாகப் பொருந்துகிறதே! என் மேற்பார்வையாளர் மட்டும் அசையவில்லை. “இரண்டையும் வரிசைப்படுத்திப் பாருங்கள், பிறகு பேசலாம்” என்றார். அதாவது, டி.என்.ஏ.வின் வேதி எழுத்துகளை ஒவ்வொன்றாக வரிசையில் படிக்க வேண்டும்.

பார்த்தோம். எலியில் அந்த ஒரு மரபணுவைப் போன்ற துண்டுகள் இருந்தன. கிருமியின் மற்ற பகுதிகள் எதுவுமே இல்லை. துண்டுகளும் நீளமானவை, பழமையின் சிதைவு இல்லாதவை. ‘ப்ளா’வை ஒத்த மரபணு வேறு சில பாக்டீரியாக்களிலும் உண்டு, எலியின் உடலிலேயே அவை இருக்கலாம் என்பது 2015-லேயே வெளிவந்த செய்தி. நான் அதைப் படித்திருக்கவில்லை. எலிக் கதை அங்கேயே உடைந்தது.

பல்லில் நடந்தது நேரெதிர். அதிலிருந்த துண்டுகள் பெரும்பாலும் 50 எழுத்துக்கும் குறைவு. பிசிஆர் பற்றிக்கொள்ளும் அளவுக்கு நீளமே இல்லை, அதனால்தான் நெகட்டிவ். பிளேக் கிருமியின் வரிசையைக் கொண்டு செய்த தூண்டில் துண்டுகளைப் போட்டுப் பிடித்தபோது, அவை கிருமியின் குரோமோசோம் முழுவதிலும், பிளாஸ்மிட் எனப்படும் அதன் மூன்று தனிச் சிறு டி.என்.ஏ. வளையங்களிலும் பரவலாகப் பொருந்தின. நெருங்கிய உறவான யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸுடன் ஒப்பிட்டால் வேறுபாடுகள் கூடின, பெஸ்டிஸுடன் குறைந்தன. துண்டுகளின் நுனியில் சைட்டோசின் என்ற எழுத்து இருக்க வேண்டிய இடங்களில் தைமின் என்ற எழுத்து வந்திருந்தது. நீண்ட காலம் மண்ணில் கிடந்த டி.என்.ஏ.வின் சிதைவு அது. அதே மனிதரின் இன்னொரு பல்லைத் துளைத்தோம். அதுவும் அதையே சொன்னது. அன்றுதான் மேற்பார்வையாளர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அதே குழியில் இருந்த மற்றவர்களின் பற்களில் எதுவும் கிடைக்கவில்லை. அவர்களுக்கு நோய் இல்லை என்று நாங்கள் எழுதவில்லை. “கண்டறியப்படவில்லை” என்றுதான் எழுதினோம். எலிக்கும் அதே சொல்தான். இந்தச் சொல்லுக்காக நான் யாரிடமும் வாதாடுவேன்.

விலங்குகளை நான் கைவிடவில்லை. ரஷ்யாவின் தெற்கு யூரலில் ஆர்க்காயிம் என்னும் இடத்தில் கிடைத்த, சுமார் 4,000 ஆண்டு பழைய செம்மறி ஆட்டின் எச்சத்திலிருந்து பிளேக் கிருமியின் மரபணுத் தொகுப்பை மீட்ட ஆய்வு 2025-இல் வந்தபோது இரண்டு முறை படித்தேன். எங்கள் எலித் தாடையில் இன்னும் இரண்டு பற்கள் தொடாமல் இருக்கின்றன. இந்த முறை பிசிஆரே வேண்டாம், நேராகத் தூண்டில்தான் என்று முடிவு செய்திருக்கிறோம்.