பாட்டு ரெடி, பேப்பர் ரெடியா? பேண்டிலிருந்து விலகியவரின் முதல் சிங்கிள்

பேண்டை விட்டு வெளியே வந்த ஒரு பாடகரின் முதல் தனிப்பாட்டை வெளியிட எங்களுக்கு 13 வாரம் ஆனது. அதில் ஸ்டூடியோவுக்குள் இருந்தது 4 நாள்தான். மீதி நேரத்தை எல்லாம் பெயரும் கணக்கும் கையெழுத்தும் தின்றன. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்காக, எங்கே இடறியது, எப்படிச் சரிசெய்தோம் என்பதை எழுதி வைக்கிறோம்.

முதல் வேலை பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுப்பது. பேண்டில் இருந்தபோது லேபிளோடு (இசை நிறுவனத்தோடு) போட்ட தாளில் காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19(5) பிரிவுப்படி அது 5 வருடம் என்றே கொள்ளப்படும். எந்த ஊர்வரை என்று சொல்லாவிட்டால் 19(6)படி இந்தியாவுக்குள் மட்டும். இது தெரியாமல் “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தாச்சு” என்று கைவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நிறைய. ஆனால் தாளில் “பேண்டை விட்டுப் போகும் உறுப்பினர்” என்று தனி ஷரத்து இருந்தால் கதை வேறு. விலகிய பிறகும் அவருடைய தனிப்பாட்டின் மீது லேபிளுக்கு முதல் உரிமை, இத்தனை வருடத்துக்குப் பழைய பாட்டுகளை மறுபடி பதிவுசெய்யக் கூடாது என்ற தடை, இரண்டும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். வக்கீலிடம் காட்ட வேண்டியது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

பிரிட்டிஷ் பாடகர் ராபி வில்லியம்ஸ் டேக் தட் குழுவிலிருந்து 1995இல் வெளியேறினார். பழைய ஒப்பந்தச் சிக்கலால் முதல் சிங்கிள் 1996இல்தான் வந்தது, அதுவும் ஜார்ஜ் மைக்கேலின் ‘ஃப்ரீடம்’ பாட்டின் கவர், அதாவது பிறர் பாட்டைத் தன் குரலில் மறுபடி பதிவது. வீடியோ எடுத்த நாளில் அவருடைய குரல்பதிவே தயாராகவில்லை, மைக்கேலின் குரலுக்கு வாயசைத்தார். பிரிட்டனில் அது 2ஆம் இடம் வரை போனது. நம் ஊரில் கவரோடு தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 31சி பிரிவைப் படித்துவிடுங்கள். சட்டம் தரும் கவர் உரிமத்தை நம்பி இறங்குவதென்றால், மூலப்பாட்டு முதலில் பதிவான ஆண்டு முடிந்து 5 காலண்டர் ஆண்டு கழிந்திருக்க வேண்டும். அதன் பிறகும், ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். புதுமுகத்தின் பட்ஜெட்டில் அது இடிக்கும். நாங்கள் சொந்தப் பாட்டையே எடுத்தோம்.

சொந்தப் பாட்டு என்று சொல்லிவிட்டோமே தவிர, அங்கேதான் பெரிய முடிச்சு. சரணத்துக்கு முன்னால் வரும் 8 பார் (தாளச் சுற்று) ஹம்மிங், பேண்டின் பயிற்சியில் பேஸ் வாசித்தவர் போட்டது. போனில் பழைய ஒலிப்பதிவே இருந்தது. பாடகருக்கு அது தான் போட்டதாகவே நினைவு, பொய் சொல்லவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று பாட்டில் பங்குள்ள மூன்று பேரிடமும் தனித்தனியே கேட்டு எழுதிக் கூட்டினால் 115 சதவீதம் வந்தது. அந்த 8 பாரை வெட்டிவிடலாம் என்றும் பார்த்தோம், வெட்டினால் பாட்டு மொட்டையாகிறது. கடைசியில் பேஸ்காரருக்கு இசையமைப்பில் 15 சதவீதம், பெயரோடு. இதை மிக்சிங்குக்கு முன்பே செய்யுங்கள். பாட்டு ஓட ஆரம்பித்த பிறகு 15 என்பது 50 ஆகும். ஃபிஃப்த் ஹார்மனி என்ற அமெரிக்கப் பெண்கள் குழுவிலிருந்து விலகிய கமிலா கபேயோவின் முதல் சிங்கிளில் 1999ஆம் வருட ஹிட் ஒன்றின் மெட்டுச் சாயல் உண்டு. அந்தப் பழைய பாட்டை எழுதியவர்களுக்கும் அதில் கிரெடிட் போனது. அவர்களுக்கே அப்படி என்றால் நமக்கென்ன.

குரல்பதிவில் பேண்டுக்காரர்களுக்கென்றே சில பழக்கங்கள் உண்டு. இரண்டு கிடாருக்கும் டிரம்ஸுக்கும் மேலே கேட்க வேண்டும் என்று கத்திப் பாடிப் பழகிய தொண்டை அது. பாட்டை இரண்டு அரைச்சுரம் கீழே இறக்கினோம், அப்போதுதான் குரலில் நிறமே தெரிந்தது. இன்னொன்று, வரி முடிவு. மேடையில் கடைசி அசையை மற்றவர்களோ கூட்டமோ பாடி முடித்துவிடும். தனியாகப் பதிவுசெய்யும்போது ஒவ்வொரு வரியும் பாதியில் அறுந்தது போலக் கேட்கும். “போகாதே” என்ற வரியில் ‘தே’ காணாமலே போயிருந்தது. முழுப்பாட்டையும் பாடவைப்பதை நிறுத்திவிட்டு, வரி முடிவுகளை மட்டும் தனியாக 14 டேக் எடுத்து ஒட்டினோம். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கவைத்து, பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன் வைக்கும் காற்றுத் தடுப்பு) போட்டும் ‘ப’ வெடித்தது. மைக்கை வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பியதும் அடங்கியது. ‘ச’வின் சீற்றம் 6 முதல் 8 கிலோஹெர்ட்ஸில், அந்தச் சீற்றத்தைக் குறைக்கும் டீ-எஸ்ஸரை அங்கே லேசாகப் பிடித்தால் போதும். அழுத்திப் பிடித்தால் நாக்குத் தடித்தவர் பாடியது போல ஆகிவிடும்.

மாஸ்டரிங்கில், அதாவது கடைசி ஒலிச் சீரமைப்பில், சத்தத்துக்கு ஆசைப்பட வேண்டாம். ஸ்பாட்டிஃபை சாதாரண அமைப்பில் -14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குச் சமப்படுத்தும். நீங்கள் -9இல் கொடுத்தால் 5 டெசிபல் குறைத்துவிடும், நசுங்கிய டிரம்ஸ் மட்டும் மிச்சம். உச்சம் -1 டிபிடிபிக்குள் (ஒலியின் உண்மையான உச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும், சத்தமான மாஸ்டர் என்றால் -2.

அடுத்தது ஐஎஸ்ஆர்சி, ஒலிப்பதிவின் அடையாள எண். 12 எழுத்து, ஒரு பதிவுக்கு ஒன்று. பேண்டின் டெமோவுக்குப் போட்ட எண்ணைப் புதுப் பதிவுக்கு மறுபடி கொடுத்தால் வருமானம் பழைய கணக்குக்குப் போக வாய்ப்புண்டு. இன்ஸ்ட்ருமென்டல் வடிவத்துக்கும் தனி எண் வாங்குங்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல், ஆர்ஜிபி. அதில் சமூக வலைத்தள முத்திரையோ இணைய முகவரியோ இருந்தால் திரும்பி வரும்.

பெயர்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. கலைஞர் பெயர்க் கட்டத்தில் பேண்டின் பெயரையும் சேர்த்துப் போட்டால் ரசிகர்கள் கண்டுபிடிப்பார்களே என்று பாடகர் கேட்டார். கூடாது. அனுமதியில்லாமல் போட்டால் தகராறு, அனுமதியோடு போட்டாலும் அது பேண்டின் பாட்டாகத்தான் போய் நிற்கும். பேண்டின் பக்கத்திலுள்ள ஃபாலோயர்கள் ஒருவர்கூடத் தானாக வரமாட்டார்கள். புதுப் பக்கம், பூஜ்யத்திலிருந்துதான். அதோடு நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும் அழகு இருக்கிறதே! ஒரு ‘எச்’ கூடினால் வேறு ஆள். எங்கள் பாட்டு அதே பெயருள்ள வேறொரு பாடகரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. பாட்டைத் தளங்களுக்கு அனுப்பும் விநியோகஸ்தரின் படிவத்தில் “புதிய கலைஞர்” என்பதைத் தேர்வு செய்யாமல், பெயர் பொருந்துகிறதே என்று அது தானாகக் காட்டியதை ஒப்புக்கொண்டதுதான் காரணம். அதைச் சரிசெய்ய 9 நாள் ஆனது. நல்லவேளை, வெளியீட்டுக்கு முன்பே பார்த்துவிட்டோம். பார்க்காமல் விட்டிருந்தால், வெளியாகும் வெள்ளிக்கிழமை அந்த வேறு பாடகரின் ரசிகர்களுக்குப் போயிருக்கும்.

அதனால் கோப்புகளை நான்கு வாரம் முன்பே அனுப்புங்கள். பக்கம் உருவாகி, அதை உரிமை கோரி, பிறகுதான் ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்குப் பாட்டைச் சமர்ப்பிக்க முடியும். அது வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு. விளக்கத்துக்கு 500 எழுத்துகள்தான். “பிரபல பேண்டிலிருந்து விலகி” என்று அதில் 100 எழுத்தை வீணாக்காமல், எந்தத் தாளம், என்ன வாத்தியம், யாருக்குப் பிடிக்கும் என்று எழுதுங்கள்.

யூடியூபில் ஒரு பொறி. தொடக்கத்தில் நாங்கள் வைத்திருந்த தாள லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு ஒலித்துண்டு) காசு கொடுத்து வாங்கியதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற உரிமம். அதை வெறுமையாகக் கேட்கும்படி வைத்துவிட்டு கன்டென்ட் ஐடி (அதே ஒலி உள்ள வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் அமைப்பு) போட்டால், அதே லூப் உள்ள ஊரார் வீடியோ எல்லாம் நம் வலையில் விழும், சண்டை வரும். அந்தத் தொடக்கத்துக்குக் கஞ்சிரா வாசிப்பவரை வரவழைத்து நேரடியாகப் பதிந்தோம். பாட்டும் நன்றாகத்தான் ஆனது. பாடகரின் சொந்தச் சேனலை விலக்குப் பட்டியலில் போடவும் மறக்காதீர்கள். தன் பாட்டுக்குத் தன் மேலேயே கிளெய்ம் வந்த வேடிக்கையும் நடந்தது.

வெளியான வாரத்திலேயே ராயல்டி வசூலிக்கும் அமைப்பான ஐபிஆர்எஸ்ஸில் பாட்டைப் பதியுங்கள், அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும். பாடியவருக்கான அமைப்பு ஐஎஸ்ஏஎம்ஆர்ஏ. ஒன்றில் சேர்ந்தால் மற்றது தானாக வராது. எண்ணிக்கை குறைவாக இருக்கிறதே என்று முதல் வாரமே சோர்ந்துவிட வேண்டாம். கமிலாவின் அந்த முதல் சிங்கிள் அமெரிக்கப் பட்டியலில் 47ஐத் தாண்டவில்லை. அவர் 2017 ஆகஸ்டில் வெளியிட்ட ‘ஹவானா’தான் 2018 ஜனவரியில் முதலிடம் போனது.

முதல் மேடையில் பேண்டின் பழைய பாட்டைத்தான் கேட்பார்கள். பாடலாம், நிகழ்ச்சி நடத்துபவர் ஐபிஆர்எஸ் உரிமம் எடுத்திருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அதை ஐந்தாவதாக வைத்தோம், புதுப் பாட்டு நான்காவது. பழையது முடிந்ததும் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும்.