பெங்களூரில் மனமொத்த விவாகரத்து: கோர்ட்டு வேலை கொஞ்சம், காகித வேலை நிறைய

கல்யாணம் மதுரையில், குடித்தனம் பெங்களூர் மடிவாளாவில், இப்போது மனைவி கோயம்புத்தூரில் அம்மா வீட்டில். வழக்கை எந்த ஊரில் போடுவது? மூன்று ஊரிலும் போடலாம். கல்யாணம் நடந்த இடம், கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம், மனைவியும் மனுதாரர் என்பதால் அவர் இப்போது இருக்கும் இடம் என்று எல்லாவற்றையும் இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு ஏற்கிறது. இரண்டு பேரும் குறைந்தது இரண்டு மூன்று தடவையாவது நேரில் வர வேண்டியிருக்கும். யாருக்கு எங்கே லீவு கிடைக்கும் என்று பார்த்து ஊரை முடிவு செய்யுங்கள். பெங்களூர் என்றால் சித்தையா சாலையில் இருக்கும் நியாய தேகுலா கட்டடம். குடும்ப நீதிமன்றமும் அங்கேதான், சமரசப் பேச்சு நடக்கும் மீடியேஷன் சென்டரும் அங்கேதான்.

ஊர்ப் பெரியவர்களை வைத்து பத்திரத்தில் 'இனி உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை' என்று எழுதி நோட்டரி முத்திரை வாங்கி வைத்திருப்பவர்கள் இன்னமும் வருகிறார்கள். அது விவாகரத்து ஆகாது. எந்தத் தேதியிலிருந்து பிரிந்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு ஆதாரமாக வேண்டுமானால் அதைக் காட்டிக்கொள்ளலாம்.

சட்டம் கேட்பது எளிமையானது. 13-பி பிரிவுப்படி ஒரு வருடமாவது பிரிந்து இருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்றிருக்க வேண்டும், பிரிய இருவரும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். கிறிஸ்தவ முறைப்படி கல்யாணம் செய்தவர்களுக்குச் சட்டம் வேறு. அதன் 10-ஏ பிரிவில் எழுதியிருப்பது இரண்டு வருடம் என்பதால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிரிந்து இருப்பது என்றால் வேறு வேறு வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாவிட்டால் அதுவும் பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. ஆனால் நடைமுறையில் தனி வாடகை ஒப்பந்தம், விடுதி ரசீது, அலுவலகத்தில் மாற்றிய முகவரி என்று ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் கேள்விகள் குறையும். ஒரு வருடம் ஆகாமலேயே, பிரிந்த தேதியை உண்மையைவிட முந்தையதாக எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். முன்பு போலீஸில் கொடுத்த புகாரிலோ, பேறுகால ஆஸ்பத்திரிச் சீட்டிலோ வேறு தேதி இருந்து மாட்டிக்கொள்வீர்கள்.

மனு போட்ட நாளிலிருந்து ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து நிற்க வேண்டும். இந்த ஆறு மாதம் கட்டாயமல்ல, சூழ்நிலையைப் பார்த்து நீதிபதி விலக்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கேட்டாலே கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். மனு போடும்போதே பிரிந்து ஒன்றரை வருடம் ஆகியிருக்க வேண்டும், சமரச முயற்சி தோற்றிருக்க வேண்டும், பணம் நகை குழந்தை எல்லாம் பேசி முடிந்திருக்க வேண்டும். பிரிந்து பதிமூன்று மாதம்தான் ஆகிறது என்றால் விலக்கு கேட்கும் மனுவுக்குச் செலவு செய்யாமல் காத்திருப்பதே மேல்.

வக்கீல் விஷயம். இருவருக்கும் சேர்த்து ஒரே வக்கீல் என்பதும் நடக்கிறது, செலவு மிச்சம்தான். ஆனால் சொத்தோ குழந்தையோ இருந்தால் தலைக்கு ஒரு வக்கீல் வைத்துக்கொள்வது நல்லது. நடுவில் பேச்சு முறிந்தால் அந்த ஒரே வக்கீல் யார் பக்கம் நிற்பார்? கட்டணத்தை மொத்தமாகப் பேசி, மீடியேஷன் நாட்களும், ஆறு மாத விலக்கு மனுவும், தீர்ப்பின் சான்று நகல் (கோர்ட்டு முத்திரையுள்ள பிரதி) வாங்குவதும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்று இழுப்பவரிடம் இன்னொரு தடவை கேளுங்கள்.

இனி உண்மையான வேலை, அதாவது ஒப்பந்தம். கோர்ட்டில் நீங்கள் நிற்பது சில நிமிடங்கள்தான். அதற்கு முன் இந்த ஒப்பந்தத்தை எழுதத்தான் வாரக்கணக்கில் ஆகும், ஆகட்டும். பிற்பாடு வரும் தகராறில் பெரும்பாலானது இதில் சோம்பல்பட்டு எழுதிய ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது.

நகையை எடுத்துக்கொள்ளுங்கள். 'மனைவியின் நகைகள் அனைத்தும் திருப்பித் தரப்பட்டன' என்ற வரி ஒன்றுக்கும் உதவாது. காசு மாலை ஒன்று, 40 கிராம். வளையல் நான்கு, 32 கிராம். தாலிக்கொடி இத்தனை கிராம் என்று உருப்படி உருப்படியாக எழுத வேண்டும். பவுன் என்று மட்டும் எழுதினால் கல் எடை சேர்த்தா சேர்க்காமலா என்று சண்டை வரும், அதனால் எடைபோட்டு கிராமில் எழுதுவதே சரி. ஒப்படைக்கும் நாளில் பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையெழுத்து, ஒரு போட்டோ. லாக்கர் இருவர் பெயரில் இருந்தால் அதை மூடிய தேதியும் வேண்டும். சீர்வரிசைப் பாத்திரமும் குத்துவிளக்கும் அற்பமாகத் தெரியும். கடைசி நாளில் இரண்டு அம்மாக்களும் கோர்ட்டு வராந்தாவில் குரலை உயர்த்துவது வெள்ளிக் குடத்துக்காகத்தான்.

பணம் பெரும்பாலும் டிடியாகத்தான் (வங்கி வரைவோலை) கைமாறும். டிடி எடுத்த தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். முதல் தடவை கோர்ட்டுக்குப் போகும்போதே நல்லெண்ணத்தில் முழுத் தொகைக்கும் எடுத்து வைத்து, ஆறு மாதம் கழித்து நீட்டினால் காலாவதி. வாய்தா தேதிக்கு ஒரு வாரம் முன்பு எடுங்கள். தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்பதால் முழுப் பணத்தையும் முன்னால் கொடுப்பதும் சரியல்ல, எல்லாம் கடைசியில் என்பதும் எதிர்த்தரப்புக்குப் பயம். தவணையாகப் பிரித்து, பெரும்பகுதியைத் தீர்ப்பு நாளுக்கு வைப்பது வழக்கம். மொத்தமாக வாங்கும் ஜீவனாம்சம் மூலதன வரவு, மாதாமாதம் வருவது வருமானம் என்றுதான் வருமான வரியில் பார்க்கப்படுகிறது. ஆடிட்டரை ஒரு தடவை கேட்டுவிட்டுத் தொகையை முடிவு செய்யுங்கள்.

ஒயிட்ஃபீல்டிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ இருவர் பெயரிலும் ஃபிளாட் இருந்தால் இன்னும் கவனம். 'வீட்டுக் கடனை இனிக் கணவர் கட்டுவார்' என்று நீங்கள் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. கடன் பத்திரத்தில் மனைவியின் கையெழுத்து இருக்கும்வரை அவர் கடன்காரர்தான், தவணை தவறினால் அவருடைய சிபில் ஸ்கோரும் விழும். வங்கியிடம் கேட்டு அவர் பெயரை நீக்க வேண்டும், அல்லது கடனை ஒருவர் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். ஒருவர் சம்பளத்துக்கு அந்தக் கடன் கிடைக்குமா என்பதை மனு போடும் முன்பே விசாரியுங்கள். பங்கை மாற்றி எழுதுவதையும் தீர்ப்புக்கு முன் முடிப்பது லாபம். கர்நாடகத்தில் குடும்பத்துக்குள் எழுதும் தானப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு, தீர்ப்புக்கு மறுநாள் நீங்கள் குடும்பம் இல்லை. அதே சமயம் ரொம்ப முன்னால் எழுதிக் கொடுத்துவிட்டு எதிர்த்தரப்பு மனம் மாறினால் வீடும் போய்விடும். கடைசி வாய்தாவை ஒட்டிய நாட்களில் பதிவு வைத்துக்கொள்வது இரண்டுக்கும் நடுவழி.

குழந்தை இருந்தால் 'விருப்பப்படி பார்க்கலாம்' என்று எழுத வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணி, பொங்கல் யாரோடு, கோடை விடுமுறையில் எத்தனை நாள், பள்ளிக் கட்டணம் யார், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்து போடுவது யார் என்று எழுதுங்கள். குழந்தையின் பராமரிப்பை மட்டும் தாய் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தாலும் அது குழந்தையைக் கட்டுப்படுத்தாது.

வரதட்சணைக் கொடுமைப் புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால், விவாகரத்து கிடைத்ததும் அது தானாகப் போகாது. ராஜி ஆகிவிட்டோம் என்று சொல்லி உயர் நீதிமன்றத்தில் தனி மனு போட்டுத்தான் ரத்து செய்ய வேண்டும். அந்த மனுவுக்கு ஒத்துழைப்பதும், கடைசித் தவணை அந்த நாளில் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உள்ள ஒரு தொல்லை, இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் 'ச. கவிதா', பாஸ்போர்ட்டில் 'கவிதா சண்முகம்', ஆதாரில் 'கவிதா ராஜேஷ்'. இங்கே இது மூன்று ஆட்களாகத் தெரியும். மனுவின் தலைப்பிலேயே 'கவிதா சண்முகம் என்கிற ச. கவிதா என்கிற கவிதா ராஜேஷ்' என்று எல்லாவற்றையும் போடச் சொல்லுங்கள். டிடி மட்டும் வங்கிக் கணக்கில் உள்ள பெயரில், எழுத்து பிசகாமல். கல்யாணப் பத்திரிகையும் ஊர்க் கோயில் ரசீதும் தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அந்தப் பத்திரிகையும் தாலி கட்டும் போட்டோவும்தான் ஆதாரம்.

மனு பதிவானதும் எம்.சி. என்று தொடங்கும் வழக்கு எண்ணும், 16 இலக்க சிஎன்ஆர் எண்ணும் கிடைக்கும். இ-கோர்ட்ஸ் ஆப்பில் அதைப் போட்டுவைத்தால் வாய்தா தேதியை வக்கீலிடம் கேட்டுத் தொங்க வேண்டாம். அடுத்து மீடியேஷன். சேர்ந்து வாழ வாய்ப்பிருக்கிறதா என்று அங்கே முதலில் கேட்பார்கள், அது சடங்கல்ல, சட்டம் சொல்லும் கடமை. இல்லை என்றால் உங்கள் ஒப்பந்தத்தை அவர்கள் படிவத்தில் எழுதி இருவர் கையெழுத்தையும் வாங்குவார்கள். வரிவரியாகப் படிக்காமல் கையெழுத்து போடாதீர்கள். தொகையில் ஒரு சைபர் விட்டுப்போனால் திருத்த இன்னொரு வாய்தா.

கோர்ட்டு ஹாலில் நீதிபதி கேட்பது கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். "ஒப்பிகெ இதெயா?" என்றால் சம்மதமா என்று அர்த்தம், நம் ஒப்புதல்தான். "யாரதாதரூ ஒத்தாய இதெயா?" என்றால் யாருடைய வற்புறுத்தலாவது உண்டா என்பது. சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள். 'வேற வழியில்லாம சம்மதிச்சேன்' என்று புலம்பினால் நீதிபதி மறுபடி மீடியேஷனுக்கு அனுப்ப எல்லா நியாயமும் உண்டு. வெளிநாட்டில் இருப்பவர் காணொலியில் ஆஜராக அனுமதி கேட்கலாம். அங்கிருந்து வரும் பவர் பத்திரத்துக்கு அப்போஸ்டில் (அந்த நாட்டு அரசு தரும் சான்று முத்திரை) அல்லது தூதரக முத்திரை வேண்டும், இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும். கோர்ட்டின் கோடை விடுமுறையையும் தசரா விடுமுறையையும் கணக்கில் வைத்து டிக்கெட் போடுங்கள்.

தீர்ப்பு சொன்ன அன்றே சான்று நகலுக்கு மனு கொடுங்கள், நான்கு பிரதி. பாஸ்போர்ட்டில் துணையின் பெயரை எடுக்க ஒன்று, வங்கிக்கு ஒன்று, மறுமணப் பதிவுக்கு ஒன்று, கையில் ஒன்று. சம்மதத்தின் பேரில் குடும்ப நீதிமன்றம் தந்த தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. பிஎஃப், எல்ஐசி, வங்கிக் கணக்கு மூன்றிலும் நாமினி பெயரை அந்த வாரமே மாற்றுங்கள். பல வருடம் கழித்தும் அங்கே பழைய பெயர்தான் கிடக்கிறது. அலுவலக மெடிக்கல் இன்சூரன்ஸிலிருந்தும் பெயர் போய்விடும், ஆகவே வெளியே போகிறவர் தனி பாலிசியைத் தீர்ப்புக்கு முன்பே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டும்.