சீனிப் பாகு: பதம் மாறினால் பொருளும் மாறுமா?

இயற்பியல் மாற்றத்துக்கு ஐஸ் உருகுவது, வேதியியல் மாற்றத்துக்குக் காகிதம் எரிவது என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். இரண்டுமே பார்த்தவுடன் தெரிந்துவிடும். கண்ணை ஏமாற்றுகிற ஒன்று வேண்டும் என்று சீனிப் பாகில் இறங்கினேன்.

100 கிராம் சீனி, 50 மில்லி தண்ணீர், ஒரு சமையல் தெர்மாமீட்டர். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைகிறது, வெப்பநிலை ஏறுகிறது. 105 டிகிரியை ஒட்டி ஒற்றைக் கம்பி. 118 வாக்கில் தண்ணீரில் விட்டால் உருட்ட வந்தது. இத்தனை பதம் மாறியும் சீனி சீனியாகத்தான் இருக்கிறது. அந்தப் பாகைத் தட்டில் கொட்டிக் கரண்டியால் தேய்த்தேன். ஓரத்தில் வெள்ளை படர ஆரம்பித்து, மளமளவென்று மொத்தமும் பொடியாக உதிர்ந்தது. பாத்திரத்தில் ஒட்டியது போக, போட்ட சீனி திரும்பிவிட்டது.

வெறும் சீனியை வறுத்தால் கதை வேறு. 160 டிகிரி தாண்டியதும் மஞ்சள், பிறகு பழுப்பு, கூடவே லேசான கசப்பு. இதைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினாலும் பழைய சீனி வராது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது சோதனை. பாகு பூத்துப் போகாமல் இருக்க எலுமிச்சைச் சாறு விடுவோமே, அப்போது நிறமும் மாறுவதில்லை, வாசனையும் பெரிதாக மாறுவதில்லை. ஆனால் அமிலம் சீனியின் ஒரு பகுதியை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. பெனடிக்ட் கரைசல் (குளுக்கோஸோ ஃபிரக்டோஸோ இருந்தால் சூட்டில் நீல நிறம் மாறும், சீனிக்கு மாறாது) வாங்கிச் சோதித்தேன். சாற்றிலேயே குளுக்கோஸும் வைட்டமின் சி-யும் இருப்பதால் அவையும் கரைசலின் நிறத்தை மாற்றிவிடும். அதனால் சிட்ரிக் அமிலம் ஒரு சிட்டிகை போட்டுக் காய்ச்சி, சோடா உப்பால் அமிலத்தை முறித்துக்கொண்டேன். வெறும் சீனிக் கரைசல் விட்ட குழாய் வெந்நீரில் வைத்தும் நீலமாகவே நின்றது. அமிலம் சேர்த்த பாகு விட்டது முதலில் பச்சை, அப்புறம் மஞ்சள், கடைசியில் அடியில் செங்கல் சிவப்பாகப் படிந்தது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத இடத்தில் ஒரு வேதியியல் மாற்றம்! (கரைசலில் செம்பு உப்பு இருக்கிறது, சமையல் பாத்திரம் பக்கமே கொண்டு போகாதீர்கள்.)

அமிலம் போட்ட பாகை ஒரு பாட்டிலிலும் போடாததை இன்னொன்றிலும் எடுத்து வைத்தேன். போடாததில் அடியில் கற்கண்டு மாதிரி படிந்துவிட்டது. மற்றது இன்னும் தெளிவாக இருக்கிறது. அடுத்து வெல்லம். அதில் அமிலம் எதுவும் சேர்க்காமலே பெனடிக்ட் கரைசல் சிவந்துவிட்டது, ஏனென்றால் உடைந்த சர்க்கரை வெல்லத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதிரசப் பாகில் அது என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.