சயனைடுக்கு மசியாத தாது: தங்கம் எதில் சிக்கியிருக்கிறது?

அசேயில் (தங்க அளவைக் கணிக்கும் ஆய்வில்) நல்ல தங்கம் காட்டும் தாது, தங்கத்தைக் கரைக்கும் சயனைடுக் கரைசலில் ஒரு நாள் முழுக்க உருண்டும் சில வேளை பாதிகூடத் தராது. பலரும் உடனே சயனைடைக் கூட்டுவார்கள். காசுதான் கரையும். சிக்கல் எங்கே என்று தெரிந்துகொள்ளாமல் எந்த முறையிலும் இறங்க வேண்டாம்.

நாங்கள் செய்வது இது. 1 கிலோ தாதுவை, 80 சதவீதம் 75 மைக்ரானுக்குள் வரும்படி அரைத்து 1.5 லிட்டர் தண்ணீரில் கலக்குகிறோம். சுண்ணாம்பு போட்டு பி.எச். 10.5–11க்கு ஏற்றிய பிறகுதான் 1.5 கிராம் சோடியம் சயனைடு. இந்த வரிசை மாறவே கூடாது, பி.எச். 9 பக்கம் இறங்கினால் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பும், ஆளையே கொல்லும். 2, 4, 8, 24 மணி நேரங்களில் கரைசலை எடுத்துப் பாருங்கள்.

4 மணி நேரத்தில் 60 சதவீதம் கரைந்த தங்கம் 24 மணி நேரத்தில் 45 ஆகக் குறைந்தால், தாதுவிலுள்ள கரிப்பொருள் கரைந்த தங்கத்தைத் திரும்ப உறிஞ்சுகிறது என்று பொருள். லிட்டருக்கு 20 கிராம் ஆக்டிவேட்டட் கார்பனை (தங்கத்தை உறிஞ்சும் கரி) ஆரம்பத்திலேயே போட்டு மறுபடி ஓட்டி, கிடைக்கும் தங்கம் ஏறினால் அது உறுதியாகிவிடும். கார்பன் போட்டும் ஏறவில்லையா? 10 மைக்ரானுக்கு அரைத்துப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் தங்கம் பெரும்பாலும் பைரைட், ஆர்சனோபைரைட் போன்ற சல்பைடு (கந்தகம் சேர்ந்த கனிமம்) படிகத்துக்குள்ளேயே கலந்திருக்கிறது. அந்தச் சல்பைடை உடைத்தாக வேண்டும்.

வறுப்பதானால் இரண்டு கட்டம்: 400–450 டிகிரியில் காற்றைக் குறைத்து ஆர்சனிக்கை விரட்டுவது, பிறகு 600–650இல் கந்தகத்தை எரிப்பது. 700ஐத் தாண்டினால் இரும்பு ஆக்சைடு இறுகி ஒட்டி, திறந்த துளைகள் மறுபடி அடைபடும். புகைக்குழாயின் குளிர்ந்த பகுதியில் படியும் வெள்ளைத் தூள் ஆர்சனிக் ட்ரையாக்சைடு, கொடிய நஞ்சு. வாயுவைப் பிடித்துச் சுத்தம் செய்யும் அமைப்பு இல்லாத இடத்தில் வறுக்கும் பேச்சே வேண்டாம்.

இன்னொரு வழி ஆட்டோகிளேவ், அதாவது அழுத்தக் கலனில் ஆக்சிஜனால் சல்பைடை உடைப்பது; அதற்கு 200 டிகிரிக்கு மேல் வேண்டும். வெப்பம் போதாவிட்டால் உருகிய கந்தகம் துகள்களைப் போர்த்திவிடும். பைரைட் கந்தகம் ஒரு கிலோவுக்கு ஆக்சிஜன் ஏறத்தாழ 1.9 கிலோ செலவாகும், கந்தக அமிலம் 3 கிலோ பிறக்கும். அந்த அமிலத்தைக் கழுவி, சுண்ணாம்பால் நடுநிலையாக்காமல் சயனைடுப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. திட்டச் செலவில் பலர் விட்டுவிடுவது இந்தச் சுண்ணாம்பைத்தான்.

உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தி, அங்கேயே ஹைபோகுளோரைட் உண்டாக்குவது கரிப்பொருள் தாதுவுக்குப் பொருந்தும். கரியின் உறிஞ்சும் தன்மையை அது மழுக்கிவிடும். சல்பைடு அதிகமிருந்தால் குளோரின் முழுவதையும் அதுவே தின்றுவிடும், கரைந்த தங்கமும் சல்பைடு மேலேயே படியும். ஹைபோகுளோரைட் மிச்சமிருக்கும் தாதுக் கூழில் சயனைடு சேர்ந்தால் சயனோஜன் குளோரைடு என்ற நச்சு வாயு வரும்.

கடைசியில் சயனைடுக் கரைசலில் மின்சாரம் செலுத்தி எஃகுக் கம்பளி கேதோடில் தங்கத்தைப் படியவைக்கும்போது, கணக்குப்படி 1 ஆம்பியர்-மணிக்கு 7.35 கிராம். நடப்பில் மின்னோட்டத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனாகப் போய்விடும். காஸ்டிக் சோடா குறைந்தால் துருப்பிடிக்காத எஃகு ஆனோடே அரிக்கத் தொடங்கி, குரோமேட் கலந்து கரைசல் மஞ்சளாகும்; தங்கம் படிவதும் கெடும்.