ஐ.டி.சி. முதல் சம்பள நிலுவை வரை: வெளிநாட்டில் ஆடச் சென்ற ஒரு நடுக்கள வீரரின் அனுபவம்

மாலத்தீவு கால்பந்து கிளப் ஒன்று எனக்குத் தரவேண்டியிருந்த சம்பள நிலுவை ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டது. வழக்கு நடந்துகொண்டிருந்தவரை இதைப் பற்றி வெளியில் பேச வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்ததால் இதுவரை எழுதவில்லை. சென்னை சீனியர் டிவிஷனிலும் கொல்கத்தா லீக்கிலும் ஆடிவிட்டு வெளிநாட்டு வாய்ப்புக்காகக் காத்திருக்கும் தம்பிகளுக்கு உதவும் என்பதால் இப்போது எழுதுகிறேன்.

ஏஜென்ட் மூலம் வாய்ப்பு வந்தது, மருத்துவப் பரிசோதனை, போலீஸ் கிளியரன்ஸ் ஆகிய எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. என்னைப் போன்ற தடுப்பு நடுக்கள வீரர்களுக்கு ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கோல் காட்சிகளைத் தொகுத்து அனுப்ப நம்மிடம் எதுவும் இருக்காது. துண்டு வீடியோக்களை விட்டுவிட்டு, முழு ஆட்டப் பதிவுகளை அனுப்பி, பந்தைப் பறித்து முதல் பாஸ் கொடுத்த நிமிடங்களைத் தனித்தாளில் குறித்து இணைத்த பிறகுதான் பயிற்சியாளர் என்னை அழைத்தார்.

தொல்லை பழைய கிளப்பிலிருந்து தொடங்கியது. என் ஒப்பந்தம் முடிந்து, மாலத்தீவுக் கால்பந்துச் சங்கம் பன்னாட்டு மாற்றுச் சான்றிதழான ஐ.டி.சி.யைக் கேட்டு விண்ணப்பித்தும் விட்டது. கொல்கத்தா மைதானத்தில் அந்தக் கிளப்பின் அலுவலகமான டென்ட்டுக்கு நேரில் போனபோது, கடைசி மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தால்தான் தடையில்லாச் சான்றான என்.ஓ.சி. தருவோம் என்று நிர்வாகி சொன்னார். அவர் மேசைமீது அந்தக் கடிதம் முன்கூட்டியே தட்டச்சு செய்யப்பட்டு, என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விடப்பட்டிருந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. உங்களிடமும் இப்படிக் கேட்டால் தயவுசெய்து போடாதீர்கள்.

ஐ.டி.சி. என்பது ஒரு நாட்டுச் சங்கம் இன்னொரு நாட்டுச் சங்கத்துக்கு இணையவழி அமைப்பில் அனுப்புவது. கிளப் தன் கையால் கொடுக்கும் காகிதம் அல்ல அது. அதைக் கட்டணமின்றியும், நிபந்தனையின்றியும், இத்தனை நாள்தான் செல்லும் என்ற கால வரம்பின்றியும் வழங்க வேண்டும் என்று ஃபிஃபாவின் வீரர் இடமாற்ற விதிமுறைகளில் 9-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஒப்பந்தம் முடிந்துவிட்ட வீரரை நிறுத்திவைக்கப் பழைய கிளப்புக்கு எந்த உரிமையும் கிடையாது. முடிவுத் தேதி தெரியும் பக்கத்தை ஸ்கேன் செய்து, நடந்ததை எழுதி, தேசியச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். சான்றிதழ் போய்ச் சேர்ந்தது. கடைசி மாதச் சம்பளத்தையும் பிறகு வாங்கினேன்.

ஒரு சான்றிதழ் எத்தனை பெரிய வீரரையும் முடக்கிப் போடும் என்பதற்கு பிரான்ஸ் நடுக்கள வீரர் லசானா டியாராவே சாட்சி. லோகோமோடிவ் மாஸ்கோவுடனான தகராறு முடியாத நிலையில், பெல்ஜியத்தின் ஷார்லெருவா கிளப் அவரைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தும், ஐ.டி.சி. கிடைக்குமா என்ற ஐயத்தால் அந்த ஒப்பந்தம் கைகூடவில்லை. இதற்காக அவர் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2024 அக்டோபர் 4 அன்று அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் ஃபிஃபா விதிகளைத் திருத்தியது. நான் போன 2023-இல் பழைய சங்கத்துக்கு 7 நாள் அவகாசம் இருந்தது. 2025 முதல் அது 72 மணி நேரமாகக் குறைந்திருக்கிறது.

அடுத்தது பெயர்ச் சிக்கல். நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலோருக்கு இது வரும். பள்ளிக் காலத்துப் பதிவில் என் பெயர் இனிஷியலோடு இருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் பின்னால் சேர்ந்திருந்தது. இதனால் சங்கத்தின் வீரர் பதிவேட்டில் நான் இரண்டு ஆளாக இருந்தேன், 12 வயது முதல் ஆடிய விவரங்கள் ஒன்றிலும் தொழில்முறை ஆட்டங்கள் மற்றொன்றிலும் கிடந்தன. பள்ளி மாற்றுச் சான்றிதழ், ஆதார், நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றைக் கொடுத்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். வெளிநாட்டு வாய்ப்பு வரும்வரை காத்திராமல் இதை இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாலே போய்ச் சேர்ந்து பயிற்சியில் இறங்கிய பிறகு நடந்ததுதான் இன்னும் என் மனத்தில் ஆறாமல் இருக்கிறது. வேலை அனுமதி தாமதமானது. அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் ஒப்பந்தம் தொடங்கும், அதுவரை சம்பளம் கிடையாது என்று கிளப் மேலாளர் சொன்னார். நாள்தோறும் காலையில் ஓடி, மாலையில் அணியோடு ஆடிக்கொண்டிருந்தவனிடம், நீ இன்னும் எங்கள் ஆளே இல்லை என்று சொல்வது எப்பேர்ப்பட்ட அநியாயம்! மருத்துவப் பரிசோதனையில் தேறுவதையோ வேலை அனுமதி கிடைப்பதையோ ஒப்பந்தத்தின் செல்லுபடிக்கு நிபந்தனையாக்கக் கூடாது என்பது அதே விதிமுறைகளின் 18-ஆவது பிரிவு. அனுமதி வேலைக்கு என்று வாங்கிய பாஸ்போர்ட்டையும் அவர்கள் திருப்பித் தராமல் இழுத்தடித்தார்கள். நகலைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிவிடுங்கள்.

வாய்ப்பேச்சால் எதுவும் நடக்காது என்று தெரிந்ததும், வீரர்கள் சங்கத்தின் வழியாக வழக்கறிஞரைப் பிடித்தேன். இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராமல் போனால், குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுத்து எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்பலாம். அதற்குள்ளும் முழு நிலுவையைத் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இந்த நோட்டீஸை அனுப்பாமல் கோபத்தில் ஊருக்குக் கிளம்பிவிட்டால், ஒப்பந்தத்தை மீறியது நீங்கள்தான் என்று கிளப் வாதாடும். நோட்டீஸின் காலக்கெடு முடிந்து, முறிவுக் கடிதமும் போன பிறகுதான் நான் விமானம் ஏறினேன்.

ஃபிஃபாவின் தகராறு தீர்வு மன்றத்தில் வீரர் தொடுக்கும் வழக்குக்கு நடைமுறைக் கட்டணம் இல்லை. பணம் தரவேண்டிய நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் இணையதளம் வழியாகத் தாக்கல் செய்ய வேண்டும். நான் ஒப்பந்தப்படி வேலையே தொடங்கவில்லை என்று கிளப் பதில் தாக்கல் செய்தபோது, பயிற்சி நேரத்தை அறிவித்து வாட்ஸ்அப் குழுவில் அவர்களே அனுப்பிய செய்திகள்தான் கைகொடுத்தன. பல செய்திகள் மாலத்தீவின் திவேஹி மொழியில் இருந்ததால், எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து இணைக்க வேண்டியிருந்தது. குழுவிலிருந்து உங்களை நீக்கும் முன்பே செய்திகளைத் தேதியோடு சேமித்துவிடுங்கள். என்னை நீக்கிவிட்டார்கள், ஆனால் அதற்குள் எல்லாம் என் மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தன.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதன்பிறகும் அவர்கள் அசையவில்லை. புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி தடை விழுந்து, அடுத்த சீசனுக்கு ஆள் எடுக்க முடியாமல் நின்றபோதுதான், வட்டியோடு பணம் வந்தது. அந்தத் தடை அதிகபட்சம் அடுத்தடுத்த 3 பதிவுக் காலங்கள் வரை நீடிக்கலாம் என்பதால் கிளப்புகள் உண்மையிலேயே அஞ்சுவது இதற்குத்தான்.

23 வயதைத் தாண்டாத தம்பிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உங்களை எடுக்கும் வெளிநாட்டு கிளப், உங்களை வளர்த்த கிளப்புகளுக்குப் பயிற்சி இழப்பீடு தரவேண்டியிருக்கும். சிறிய கிளப்புகள் இந்தத் தொகைக்குப் பயந்தே ஒதுங்கிவிடும். ஆனால் பயிற்சிச் செலவை வைத்து நான்காம் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட கிளப்புக்கு மாறினால் அந்த இழப்பீடு இல்லை. இது தெரியாமல் வாய்ப்பை மறுக்கும் நிர்வாகிகள் இருக்கிறார்கள், ஆகவே கிளப்பின் பிரிவு என்னவென்று ஏஜென்டிடம் முதலிலேயே கேளுங்கள்.

தீர்ப்பு கைக்கு வந்த அன்றே, வங்கிக் கணக்குப் படிவத்தை நிரப்பி, கையெழுத்திட்டு, எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிடுங்கள். பணம் கட்டுவதற்கான 45 நாள் கெடு, அந்த விவரங்கள் அவர்களுக்குக் கிடைத்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறது.